தோட்டத்துப் பந்தல் தரும் பாடம்: அளவான செலவில் அழகான திருமணம்

 

இல்லறத்திற்குத் திருமணமே வாயில். அந்த வாயில் அழகாக அமைய வேண்டும் என்று விரும்புவதில் தவறேதும் இல்லை. ஆனால் கையிலிருந்த செங்கல் அனைத்தையும் வாயிலுக்கே அடுக்கிவிட்டு, உள்ளே சுவர் எழுப்பக் கல் இல்லாமல் நிற்கும் குடும்பங்களை நம் கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திருமணத்தன்று ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு, குழந்தைக்குப் பால்மாவு வாங்குவதற்காகப் பெண்ணின் வளையல் அடகுக் கடைக்குப் போகும்.

யாரையும் குறை கூறுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்று, ஆலய நிருவாகத்தில் பல திருமணங்களின் வரவு செலவைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அதைவிட முக்கியமாக, அதே தவற்றை என் வீட்டிலேயே செய்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

1. இரண்டு மகள்கள், இரண்டு திருமணங்கள்

என் மூத்த மகளுக்கு 1997ஆம் ஆண்டில் திருமணம். சுங்கைப் பட்டாணியில் பெரிய மண்டபம், ஆயிரம் அழைப்பிதழ், இரண்டு நாள் விருந்து. "வாத்தியார் வீட்டுக் கல்யாணம்" என்று ஊர் பேச வேண்டும் என்று நினைத்தேன். ஊரும் பேசியது, ஒரு வாரம் பேசியது. கடைசி நேரத்தில் பணம் போதவில்லை. என் மனைவி தம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் தடவிய கயிற்றில் திருமாங்கல்யத்தைக் கோத்து அணிந்துகொண்டார். கொடியை 4,000 வெள்ளிக்கு அடகு வைத்தோம். வட்டி மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி. அதாவது மாதம் 80 வெள்ளி. மீட்டெடுக்க மூன்று ஆண்டுகள் ஆயின. வட்டி மட்டும் 2,880 வெள்ளி.

இடையில் மகள் தலைப்பிரசவத்திற்கு வீட்டுக்கு வந்தாள். தாயின் கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்போது என் மனைவி சொன்னார்: "கயிறும் தாலிதானம்மா. இதுவே போதும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், உனக்கும் இதையே போட்டு அனுப்பியிருப்போம்."

அந்தச் சொல்தான் எனக்குப் பாடம். இளைய மகளுக்கு 2004இல் திருமணம் நடந்தபோது, இருபது மாதங்களுக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கு எழுதத் தொடங்கினேன். ஆலய மண்டபத்தில் 280 பேர் கூடினர். மறுநாள் காலையில் நான் யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு திருமணங்களில் எது அழகாக இருந்தது என்று கேட்டால், மூத்த மகளே இரண்டாவதைத்தான் சொல்வாள். அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தவற்றையும் அதன் பின்னர் கற்றவற்றையும் கீழே முறைப்படுத்தித் தருகிறேன்.

2. தோட்டத்தில் செலவு குறைந்தது எப்படி?

பாடாங் செராய் வட்டாரத் தோட்டம் ஒன்றில் 1958இல் என் அக்காளுக்குத் திருமணம் நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. கையில் பெரிதாகப் பணம் கிடையாது. ஆனாலும் அத்திருமணத்தில் எந்தக் குறையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வெட்டு முடிந்து மதியம் திரும்பிய ஆண்கள் மூங்கில் வெட்டி வந்தார்கள். தென்னங்கீற்றைப் பின்னிப் பந்தல் போட்டார்கள். வாழைமரம் லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அண்டாவும் பெரிய சட்டிகளும் மாரியம்மன் கோயிலில் இருந்து வந்தன. கிராணியார் வீட்டிலிருந்து காற்றடிக்கும் விளக்கு வந்தது. முதல் நாள் இரவு லயத்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து காய்கறி அரிந்தார்கள். பாட்டும் சிரிப்புமாக விடிந்தது. புடவை, சைக்கிளில் துணிமூட்டை கொண்டு வருபவரிடம் தவணையில் எடுத்தது. மேளம் பக்கத்துத் தோட்டத்து மேளம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்திருமணத்துக்குச் செலவே இல்லை என்பதன்று. செலவில் பெரும்பகுதி பணமாக வெளியே போகவில்லை. உழைப்பாக உள்ளேயே சுற்றி வந்தது. இன்று நம் வீட்டுக்கு விறகு பிளந்தவர் மகளின் திருமணத்தில் நாளை நாம் இலை போட்டோம். அதுவும் ஒரு வரவு செலவுதான். நோட்டில் எழுதப்படாத வரவு செலவு.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ், அலோர் ஸ்டார் என்று தாமான்களுக்குக் குடியேறினர். பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேலைக்குச் சென்றனர். சம்பளம் கூடியது உண்மை. ஆனால் லயத்து மக்களின் கைகள் தாமானுக்கு வந்து சேரவில்லை. பந்தலுக்கு ஒரு பில், காய்கறி அரிய ஒரு பில், இலை எடுக்க ஒரு பில் என்று, அன்று கைகள் செய்த வேலை ஒவ்வொன்றும் இன்று பணச்செலவாக மாறிவிட்டது.

ஆகவே, செலவைக் குறைப்பது என்றால் மஞ்சளையும் பூவையும் குறைப்பதன்று. விட்டுப்போன கைகளைத் திரும்பச் சேர்ப்பதே முதல் வேலை. இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

3. சடங்குக்கு எவ்வளவு செலவாகும்?

"சாத்திரப்படி செய்ய வேண்டுமே, செலவாகத்தானே செய்யும்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நம் நூல்களைப் பார்ப்போம்.

அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. ஒரு திருமணத்தை அது படம் பிடித்துக் காட்டுகிறது. பந்தலில் புதுமணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கு ஏற்றி மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். உழுத்தம் பருப்பு சேர்த்துக் குழையச் சமைத்த சோறு வருவோர்க்கெல்லாம் பரிமாறப்படுகிறது. நல்ல நாளின் விடியற்காலையில், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சுற்றத்தார் கூடியிருந்து பெண்ணைக் கொடுக்கிறார்கள். திருமணம் முடிந்தது. மணல், விளக்கு, மாலை, சோறு, வாழ்த்து ஆகிய இவையே அதற்கு வேண்டியிருந்தன.

காலப்போக்கில் நாம் மேற்கொண்ட சடங்குகளையும் எண்ணிப் பார்ப்போம். பிள்ளையார் வழிபாட்டிற்கு மஞ்சளும் அறுகும் போதும். முகூர்த்தக்காலுக்கு ஒரு கொம்பு. காப்புக் கட்ட மஞ்சளும் நூலும். கன்னிகாதானத்திற்குத் தாய் தந்தையரின் கையும் சிறிது நீரும். ஓமத்திற்குச் சமித்தும் நெய்யும். திருப்பூட்டுக்குத் திருமாங்கல்யம். ஏழடி நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை. அம்மி மிதிக்க அம்மி உண்டு. அருந்ததியைப் பார்க்க ஆகாயம் இருக்கிறது.

ஆக, சமயம் நம்மிடம் கேட்கும் செலவு மிகச் சிறியது. பெரிய தொகையைக் கேட்பது சமயமன்று. மேடை அலங்காரமும், அழைப்புப் பட்டியலும், அடுத்த வீட்டுத் திருமணத்தைவிடப் பெரிதாக நடத்த வேண்டும் என்ற எண்ணமுமே. இந்த வேறுபாட்டை மணமக்களும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

4. சேமிப்பு: புக்கிட் சிடிம் காட்டிய வழி

துண்டாடலால் தோட்ட மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள் என்று தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க முடியுமா என்று சிரித்தவர்களும் உண்டு. 1961இல் அச்சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

ஒருவர் கையில் சிறிதாக இருப்பது பலர் கையில் சேர்ந்து, காலமும் சேர்ந்தால் பெரிதாகும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை. திருமணச் சேமிப்பும் அவ்வாறே. மணமகன் மாதம் 300 வெள்ளி, மணமகள் 300 வெள்ளி, இரு வீட்டுப் பெற்றோரும் ஆளுக்கு 100 வெள்ளி எனச் சேர்த்தால் மாதம் 800 வெள்ளி. பதினெட்டு மாதங்களில் 14,400 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அச்சம்பளம் வாங்கும் இருவரும் இறுக்கிப் பிடித்தால் எட்டக்கூடிய தொகைதான் இது.

தோட்டத்தில் இன்னும் பால்வெட்டும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் கித்தா மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வருமானமும் குறையும். தை, பங்குனி முகூர்த்தங்கள் அதே காலத்தையொட்டி வருகின்றன. எனவே சேமிப்பை முந்திய ஆண்டின் நல்ல மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். அல்லது ஆவணி முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரு வீட்டாரும் ஒரே கணக்கில் பணம் போடுவது நம்மில் பழக்கமில்லை. "அது மாப்பிள்ளை வீட்டுச் செலவு, இது பெண் வீட்டுச் செலவு" என்று பிரித்துப் பிரித்துப் பேசியே செலவை இரட்டிப்பாக்குகிறோம். பிறக்கப் போவது ஒரு குடும்பம். அதற்குக் கணக்கும் ஒன்றாக இருக்கலாம்.

5. மாதிரிக் கணக்கு

மேலே கண்ட 14,400 வெள்ளியை 250 விருந்தினர் கூடும் ஒரு திருமணத்திற்கு எப்படிப் பங்கிடலாம் என்று பார்ப்போம். இது ஓர் எடுத்துக்காட்டே. இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப விலை மாறும். பங்கிடும் முறையைக் கவனிக்க வேண்டுகிறேன்.

திருமாங்கல்யம்: 3,000 வெள்ளி
கூறைப்புடவை, பட்டு வேட்டி, இரு வீட்டுத் துணிமணி: 1,200 வெள்ளி
ஆலய மண்டபம், குருக்கள் தட்சிணை, ஓமப் பொருள்: 1,500 வெள்ளி
நாதசுரம், தவில்: 1,200 வெள்ளி
மாலை, பூ, மணவறை: 1,200 வெள்ளி
சாப்பாடு, ஆளுக்கு 14 வெள்ளியாக 250 பேருக்கு: 3,500 வெள்ளி
அழைப்பிதழ், புகைப்படம்: 1,000 வெள்ளி
பதிவு, போக்குவரத்து: 400 வெள்ளி
எதிர்பாராத செலவு: 1,400 வெள்ளி

கடைசி வரியை யாரும் எடுத்துவிடக் கூடாது. மழை வந்து கூடுதல் பந்தல் போட வேண்டியிருக்கும். ஐம்பது பேர் கூடுதலாக வருவார்கள். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்காத கணக்குதான் திருமணத்துக்கு முதல் நாள் கடன்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வைக்கிறது.

மொய்ப் பணத்தை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். "மொய் வந்துவிடும், கொடுத்துவிடலாம்" என்று சொல்லிக் கடன் வாங்குவோர் உண்டு. மொய் என்பது வருமானமன்று. பிறர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கைம்மாற்று. வந்தால் அதை மணமக்களின் பெயரில் போட்டு வையுங்கள். முதல் வீட்டு வாடகைக்கோ முதல் பிள்ளைக்கோ உதவும்.

6. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

முதலில் அழைப்புப் பட்டியல். ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள். நமக்கு ஒரு துன்பம் என்றால் இரவில் ஓடி வருகிறவர்கள் முதல் வரிசை. உறவும் அண்டை அயலாரும் வேலையிடத்து நண்பர்களும் இரண்டாம் வரிசை. அழைக்காவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி அழைக்கப்படுவோர் மூன்றாம் வரிசை. செலவு பெரும்பாலும் மூன்றாம் வரிசையில்தான் இருக்கும். நூறு பேர் குறைந்தால் சாப்பாட்டில் மட்டும் 1,400 வெள்ளி குறையும். மண்டபமும் சிறியதாகப் போதும்.

அடுத்து நாள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சனியும் ஞாயிறும். கூலிமில் பெண்ணும் பட்டர்வொர்த்தில் மாப்பிள்ளையும் இருந்தால், இரு பக்கத்துக்கும் பொதுவான விடுமுறை சனி ஒன்றே. சனிக்கிழமை முகூர்த்தம் வைக்கத் தயங்குவோர், வெள்ளி காலையில் நெருங்கிய சுற்றத்தோடு ஆலயத்தில் திருப்பூட்டை முடித்து, சனி மதியம் ஒரே விருந்தாக வைத்துக்கொள்ளலாம். முகூர்த்தச் சாப்பாடு, இரவு விருந்து, மறுவீட்டு விருந்து என்று மூன்று முறை பந்தி போடுவதைவிட இது எளிது.

தங்கம் பற்றி ஒரு சொல். திருமாங்கல்யப் பொட்டு பொன்னாக இருக்கட்டும். அதைக் கோத்திருக்கும் கொடியும் பொன்னாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. மஞ்சள் கயிறு மங்கலத்தில் குறைந்ததன்று. வசதி வந்தபின் கொடி போட்டுக்கொள்ளலாம். வாங்கும் நகையிலும் வேலைப்பாடு குறைந்ததைத் தேர்ந்தால் செய்கூலியும் சேதாரமும் குறையும்.

மதுவுக்கு ஒரு வெள்ளியும் ஒதுக்காதீர்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன் நின்று, நம் மக்களின் சம்பளம் கள்ளில் கரையக் கூடாது என்று அவர்கள் போராடினார்கள். அடியும் சிறையும் கண்டார்கள். அந்த மண்ணில் பிறந்த நாம், பிள்ளைகளின் திருமண இரவில் மதுப்புட்டிகளை வரிசையாக அடுக்கி வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. திருமண வீட்டுச் சண்டைகளில் எத்தனை அங்கே தொடங்கின என்பதும் நாம் அறிந்ததே.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. சாப்பாட்டின் தரத்தைக் குறைக்காதீர்கள், வகையைக் குறைக்கலாம். சோறு, சாம்பார், ரசம், இரண்டு பொரியல், கூட்டு, அப்பளம், பாயசம், மோர் என்று சூடாகப் பரிமாறினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். நாதசுரத்தை விடாதீர்கள், ஒலிப்பதிவு போட்டுச் சமாளிக்க வேண்டாம். இசைவாணர் ஒரு குடும்பம் பிழைக்கும். நம் கலையும் பிழைக்கும். குருக்களின் தட்சிணையில் பேரம் வேண்டாம். வயதானவர்களை ஏற்றி வரும் வண்டிச் செலவைக் குறைக்க வேண்டாம். பாட்டியார் வராத திருமணத்தில் மேடை எவ்வளவு மின்னி என்ன?

இனிக் கைகளைச் சேர்க்கும் வேலை. மூன்று மாதங்களுக்கு முன்பே உறவினரையும் நண்பர்களையும் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, வேலையைப் பெயர் எழுதிப் பங்கிடுங்கள். மாலை கட்டத் தெரிந்த அத்தை, கோலம் போடும் சித்தி, கணினியில் அழைப்பிதழ் அமைக்கும் தம்பி, பந்தி விசாரிக்கும் மாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உண்டு. கேட்காததால்தான் அவர்கள் விருந்தாளியாக வந்து போகிறார்கள். என் இளைய மகளின் திருமணத்தில் முதல் நாள் இரவு ஆலயச் சமையற்கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் காய்கறி அரிந்தார்கள். அதில் என் அக்காளும் ஒருவர். "நம்ம லயத்துல இருந்த மாதிரியே இருக்குடா, தம்பி" என்றார். அந்த இரவுக்கு எந்த மண்டபமும் வாடகை கேட்க முடியாது.

7. கடன் பற்றிய எச்சரிக்கை

சேமிப்புப் போதாமல் கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், வட்டியை வாய்விட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். அடகுக் கடையில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டி மாதம் நூற்றுக்கு 2 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். 5,000 வெள்ளிக்கு ஆண்டில் அது 1,200 வெள்ளி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டப்படி, ஈடு பெற்ற கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வெள்ளிக்கும், ஈடற்ற கடனுக்கு 18 வெள்ளிக்கும் மேல் வாங்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர், வங்கி அட்டையைப் பிடித்து வைப்பவர், வாரக் கணக்கில் வட்டி சொல்பவர் ஆகிய எவரிடமும் போகாதீர்கள். அவர் சட்டத்துக்குப் புறம்பான ஆலோங்.

'கூட்டு' என்று நம்மவர் நடத்தும் சீட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. திருமணப் பணத்தை அதில் போட்டுவிட்டு, நடத்தியவர் ஊரைவிட்டுப் போனபின் கண்ணீர் விட்டவர்கள் நம்மிடையே உண்டு. வங்கிக் கணக்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சேமியுங்கள்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத்தக்க மூன்றாம் கணக்கு ஒன்று ஏற்பட்டுள்ளது. மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் சேர்கிறது. கையருகே இருக்கிறது என்பதற்காக அதைத் துடைத்து மேடை அலங்காரம் செய்யாதீர்கள். அது நோய்க்கும் வேலையிழப்புக்கும் உதவ வேண்டிய பணம்.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். அரசனுக்கு அறிவுரை கூறும் இடத்திலேயே வள்ளுவர் நம் வீட்டுக் கணக்கையும் வைத்திருக்கிறார். வருவாய் வரும் வழி குறுகலாக இருந்தாலும் கேடில்லை. செலவு போகும் வழி விரிந்துவிடாமல் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. திருமணத்துக்குத் தேதி குறிக்கும் முன் அந்த அதிகாரத்தை வீட்டில் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

8. காசு குறைந்த, ஆனால் கட்டாயமான ஒன்று: பதிவு

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதுமுதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் யாவும் பதிவு செய்யப்பட வேண்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 21 வயது நிறையாதவருக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு தேவை. பதிவிலாகாவில் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். மனு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். துணைப் பதிவதிகாரி நியமிக்கப்பட்டுள்ள ஆலயங்களில் தாலி கட்டிய கையோடு பதிவுக் கையெழுத்தையும் போட்டுவிடலாம்.

ஆயிரம் பேர் சாட்சியாகத் தாலி கட்டியிருந்தாலும் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தொல்லைதான். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயரைச் சேர்ப்பது முதல் சிக்கல் தொடங்கும். தாய் வெளிநாட்டவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறியாகும். கணவர் இறந்தபின் சேமநிதிக்கும் சொத்துக்கும் அலைந்த பெண்களை நம் தோட்டப்புறங்களில் கண்டிருக்கிறோம். மேடைக்குப் பல்லாயிரம் செலவழித்துவிட்டுச் சில பத்து வெள்ளிப் பதிவை மறந்துவிடாதீர்கள்.

9. அறக்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை 2022 முதல் கோயில்களின் சார்பில் ஏழை மணமக்களுக்குத் திருமணம் நடத்தி, பொற்றாலியும் சீர்ப் பொருளும் வழங்கிவருகிறது. அதே ஆண்டில் அங்கு இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவித்தொகை வழங்கிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு வழி தெரிகிறது. திருமணத்தை எளிதாக்குவதும் அறம்; திருமணத்தில் மிச்சமாகும் பணத்தைப் படிப்புக்குத் திருப்புவதும் அறம்.

நம் ஆலயங்களில் செய்யக்கூடியவை பல. குத்துவிளக்கு, அண்டா, பரிமாறும் பாத்திரம், மணவறைத் தூண், சமுக்காளம் ஆகியவற்றை ஒரு முறை வாங்கி வைத்தால், பல ஆண்டுகள் பல குடும்பங்களுக்குப் பயன்படும். மாதத்தில் ஒரு முகூர்த்த நாளை வசதி குறைந்தவர்களுக்கென்று வாடகையின்றி ஒதுக்கலாம். திருமாங்கல்ய நிதி ஒன்று ஏற்படுத்தலாம். சமையலுக்கும் பந்திக்கும் தொண்டர் குழு அமைக்கலாம். பெறுபவர் கூசாமல் பெறும்படி, பெயர் சொல்லாமல் செய்வது இவற்றுக்கெல்லாம் அழகு. ஒரு நாள் அன்னதானம் ஒரு நாள் பசியைத் தீர்க்கும். ஓர் அண்டா கொடுத்தவரின் பெயரை அக்கினி சாட்சியாக எத்தனையோ குடும்பங்கள் வாழ்த்தும்.

10. குடும்பத்தோடு சிந்திக்க

திருமணம் பேசத் தொடங்கும் வீட்டார் ஒரு மாலையில் ஒன்றாக அமர்ந்து, இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.

நம்மால் கடனின்றிச் சேர்க்க முடிந்த தொகை எவ்வளவு?
அதற்கு எத்தனை மாதம் வேண்டும்?
நம் அழைப்புப் பட்டியலில் மூன்றாம் வரிசையில் இருப்போர் எத்தனை பேர்?
கூலி கொடுத்துச் செய்யும் வேலைகளில் நம்மவர் கைகளாலேயே செய்யக்கூடியவை எவை?
திருமணம் முடிந்த மறுநாள் மணமக்களின் கையில் எவ்வளவு இருக்கும்?

கடைசி வினாவுக்கு விடை "கடன்" என்று வந்தால், கணக்கை மீண்டும் முதலிலிருந்து போடுங்கள்.

என் மனைவி மீட்ட தாலிக்கொடியை மீண்டும் அணிந்துகொள்ளவில்லை. அதை விற்று மூத்த பேத்தியின் கல்லூரிப் படிப்புக்கு முதல் தவணை கட்டினோம். அவர் கழுத்தில் இன்றும் மஞ்சள் கயிறுதான். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று புதுக் கயிறு மாற்றிக்கொள்கிறார். அந்தக் கயிற்றுக்கு நாங்கள் யாருக்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் பிள்ளைகளின் இல்லறம் கடன் நீங்கி, களிப்பு ஓங்கி, பதினாறு பேறும் பெற்றுத் தழைத்திட வாழ்த்தி அமைகிறேன்.

வாழ்க வளமுடன்!